விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்: நாம் வேலை தேடிய வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளியில் நம் மக்கள் வாழும் குடியிருப்புகளில் நெடுங்காலம் ஒரு கேள்வி வழங்கி வந்தது. "கார்டு வந்ததா?" என்பதே அக்கேள்வி. பள்ளி இறுதி வகுப்புத் தேறிய பிள்ளை உள்ள வீட்டைக் கடந்து செல்வோர் அதனைக் கேளாமல் போவதில்லை. கார்டு என்பது வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்து வரும் கடிதம். அது வந்த வீடுகள் சில; வாராத வீடுகள் பல. வாராத வீட்டுப் பிள்ளை முதலாண்டில் நாள்தோறும் அஞ்சற்காரரை எதிர்நோக்கியிருந்தான். இரண்டாம் ஆண்டில் எப்போதாவது வினவினான். மூன்றாம் ஆண்டில் வினவுவதையே விட்டுவிட்டான். அதன்பின் அவனைத் தறிக்கூடத்திலோ, செங்கற்சூளையிலோ, லாரியில் கிளீனராகவோ கண்டோம்.

எத்தனை பேரைப் படிக்க வைத்தோம் என்பது ஒரு கணக்கு. கல்விச் சங்கங்கள் அதனைக் குறைவின்றி எழுதி வைக்கின்றன. படித்தவருள் எத்தனை பேர் வேலை தேடும் முயற்சியைப் பாதியில் நிறுத்தினர் என்பது மற்றொரு கணக்கு. அதனை எழுதி வைப்பாரில்லை. முயற்சி ஏன் நின்றது, நின்றதை மீண்டும் தொடங்குவது எங்ஙனம் என்னும் இரு வினாக்களுக்கு வரலாற்றின் துணையோடு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலை நம்மைத் தேடி வந்த காலம்

வேலை தேடுதல் என்பது நம் சமுதாயத்திற்குப் புதிய பழக்கம். முன்னோர் காலத்தில் வேலை பிறப்போடு வந்தது. பண்ணையாளின் மகன் அதே பண்ணையத்தில் ஆளானான். ஊர்ப் பதவிகளிலும் இதுவே முறை. மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாக வந்தனர். தோட்டியும் வெட்டியானும் அவ்வாறே பரம்பரையாக வந்தனர். முன்னவை எவர் கைக்குச் சென்றன, பின்னவை எவர் தலையில் விழுந்தன என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஊரை விட்டு வெளியேறிய வேலையும் நாம் தேடிப் பெற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணிகள். சேலம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளின் வறண்ட ஊர்களுக்கு அவர்கள் வந்தனர், முன்பணம் கொடுத்தனர், குடும்பத்தோடு அழைத்துச் சென்றனர். அம்முன்பணம் கடனாகித் தொழிலாளியைத் தொடர்ந்தது. தோட்டம் மாறுவோரின் கடன் கணக்கும் துண்டுச் சீட்டாக உடன் சென்றது. இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. கோலார் தங்கவயலுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற நம் மக்களின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. அச்சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

இவ்வாறு பல தலைமுறைகள் அழைப்பார் அழைக்கச் சென்றே பழகினோம். அழைப்பு வரும் வரை காத்திருப்பது நம் குருதியில் ஊறிய குணம் என்று சிலர் பழிப்பர். அது குணமன்று, நமக்கு வேறு வழி வைக்கப்படாத காலத்தின் எச்சம். காத்திருக்கப் பழக்கப்பட்டவனிடம் ஒரு தலைமுறைக்குள் தேடும் திறனை எதிர்பார்த்தது காலம். இடர்ப்பாடு தொடங்கிய இடம் அதுவே.

பன்னிரண்டில் ஒன்று

அரசுப் பணியின் கதவு முதலில் சிறிதே திறந்தது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் 1921 ஆம் ஆண்டில் வகுப்புவாரி ஆணை பிறந்தது. அதனை நடைமுறையில் உறுதிப்படுத்திய ஆணை 1928 ஆம் ஆண்டில் அமைச்சர் முத்தையா முதலியார் முயற்சியால் வந்தது. அன்று முதலமைச்சராயிருந்தவர் நம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் என்பது இப்பகுதி மக்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வாணைப்படி 12 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முகமதியர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு 1 என வகுக்கப்பட்டது. பன்னிரண்டில் ஒன்று! அந்த ஓரிடத்திற்கும் வேண்டிய படிப்புப் பெற்றவர் நம்மிடையே மிகச் சிலராகவே இருந்தனர். ஆகவே அக்காலத்தின் போராட்டம் பள்ளிக்கூடத்திற்காக நடந்தது. பள்ளியை முடித்தவன் வேலையைப் பெறுவான் என்பது அன்றைய நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு குறையுடையது என்பதை ஒரு மாமனிதரின் வாழ்க்கையே காட்டியது.

அண்ணல் வேலையின்றி இருந்த ஓராண்டு

அண்ணல் அம்பேத்கரின் வெற்றிகளை நாம் மேடைதோறும் கூறுகிறோம். 1917 ஆம் ஆண்டு முதல் 1918 ஆம் ஆண்டு வரை அவர் வேலையின்றி அலைந்த காலத்தை எடுத்துரைப்பவர் குறைவு. வேலை தேடிச் சோர்ந்த நம் இளைஞர் முதலில் படிக்க வேண்டிய பகுதி அதுவே.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பயின்ற அண்ணல், பின்னர் இலண்டனில் கல்வியைத் தொடர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917 ஆம் ஆண்டில் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்புமுன் அவர் ஒரு காரியம் செய்தார். நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்தாரிடம் பெற்றுக்கொண்டார். நிறுத்த நேர்ந்த வேலையையும் மீண்டும் தொடங்குவதற்கு வழி வைத்தே நிறுத்தினார்.

ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். ஏவலர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசை மீது வீசினர். குடியிருக்க வீடு கொடுப்பாரில்லை. பார்சி விடுதியொன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். உண்மை வெளிப்பட்டதும் தடியேந்தி வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினர். உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் பயின்றவர் ஒரு பூங்காவின் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் விட்டார், பம்பாய்க்குத் திரும்பினார்.

பம்பாயில் அவர் சும்மா இருக்கவில்லை. மாணவர் இருவர்க்குத் தனிப்பாடம் கற்பித்தார். பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் நிலையமொன்றைத் தொடங்கினார். அவர் சாதியை அறிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது; நிலையம் மூடப்பட்டது. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் இடமொன்று காலியாயிருப்பதை அறிந்தார். இலண்டனில் தமக்கு அறிமுகமான முன்னாள் பம்பாய் ஆளுநர் சிடன்ஹாம் பிரபுவின் துணையை நாடினார். 1918 நவம்பரில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கும் பேராசிரியர்க்குரிய பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதை எதிர்த்தவர் இருந்தனர். ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோல்காப்பூர் மன்னரின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர்த்து, 1920 ஆம் ஆண்டில் இலண்டனுக்குச் சென்று விட்ட படிப்பைத் தொடர்ந்தார். நான்காண்டுத் தவணை முடியவில்லை.

இதிலிருந்து அறிவன மூன்று. ஒரு வழி அடைபட்டபோது அவர் அடுத்த வழியை உடனே முயன்றார். சிறு வேலையை இழிவாக எண்ணவில்லை. அதனை இலக்காகவும் கொள்ளவில்லை. தமக்கு அறிமுகமானவரிடம் உதவி கேட்க நாணவில்லை. இவற்றுள் மூன்றாவதே நம் இளைஞர்க்கு மிகக் கடினமாக இருக்கிறது.

பதிவேடு பிறந்த கதை

இக்கொடுமையை உணர்ந்தவரே 1942 ஆம் ஆண்டில் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1943 ஆம் ஆண்டில் மைய அரசுப் பணிகளில் அட்டவணைச் சாதியினர்க்கு நூற்றுக்கு 8⅓ இடம் ஒதுக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அதுவும் பன்னிரண்டில் ஒன்றே. வயது வரம்பிலும் தேர்வுக் கட்டணத்திலும் சலுகை வந்தது. 1946 ஆம் ஆண்டில் அவ்வொதுக்கீடு 12½ விழுக்காடாக உயர்ந்தது.

அவர் அத்துறையை நடத்திய காலத்தில்தான் வேலைவாய்ப்பு அலுவலகங்களும் தோன்றின. இவ்வகை அலுவலகங்களை நாடு முழுவதும் முதலில் அமைத்த நாடுகளுள் பிரிட்டன் ஒன்று. 1909 ஆம் ஆண்டுச் சட்டப்படி 1910 பிப்ரவரியில் அங்கு அவை திறக்கப்பட்டன. நம் நாட்டில் இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்க்கும் போர்த் தொழிலாளர்க்கும் மறுவாழ்வு தேடித்தர 1945 ஆம் ஆண்டில் இவை அமைந்தன. 1948 ஆம் ஆண்டில் வேலை தேடும் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாள் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

1959 ஆம் ஆண்டில் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டம் நிறைவேறி, 1960 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தைப் பற்றி நம் தெருக்களில் எவரும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. காலியிடத்தை அலுவலகத்திற்கு அறிவிப்பது நிறுவனத்தின் கடமை எனச் சட்டம் கூறிற்று. அலுவலகம் அனுப்புவோரையே வேலைக்கு எடுக்க வேண்டும் என அது கூறவில்லை. அறிவிப்பு வேறு, நியமனம் வேறு. நாமோ பெயரைப் பதிந்ததும் பாதி வேலை கிடைத்ததாகவே கொண்டோம்.

அவ்வாறு கொண்டதற்குக் காரணமும் இருந்தது. அரசு அலுவலகங்களின் கீழ்நிலைப் பணிகளுக்கும், ஆசிரியர் பணிகள் பலவற்றிற்கும் பதிவு மூப்பின்படியே ஆள் எடுக்கப்பட்ட காலம் அது. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு 1971 ஆம் ஆண்டில் 16 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. சேலம் உருக்காலைக்கு 1970 செப்டம்பர் 16 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. சுற்றுவட்டாரம் முழுவதும் நம்பிக்கை பிறந்தது. ஆலையின் உற்பத்தியோ 1981 ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. அடிக்கல் நாளில் பதினெட்டு வயதில் பெயர் பதிந்தவன் உற்பத்தி நாளில் இருபத்தொன்பது வயதினன். இடைப்பட்ட பதினோராண்டுகளைக் காத்திருப்பிலேயே கழித்தவர்க்கும், தொழிற்பயிற்சி பெற்று ஆயத்தமானவர்க்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும்.

வாசல் இடம் மாறியது

பதிவு மூப்பு என்னும் ஒரு வாசலையே நாம் பார்த்துக்கொண்டிருக்க, வாசல்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின.

1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. மணியக்காரர், கர்ணம் ஆகியோர் இருந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்னும் புதிய பதவி பிறந்தது. அதற்குத் தேர்வாணையத் தேர்வு வந்தது. உச்சநீதிமன்றம் 1982 ஆம் ஆண்டில் இம்மாற்றத்தை ஏற்றது. எந்தச் சாவடித் திண்ணையில் நம் பாட்டனார் ஏற முடியாதிருந்தாரோ, அந்த ஊர்க் கணக்கை எழுதும் உரிமை தேர்வு எழுதுவோர்க்கு உரியதாயிற்று. நம் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய மாற்றம் இது.

1987 ஆம் ஆண்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் தோன்றியது. 1991 ஆம் ஆண்டில் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் அமைந்தது. 1996 ஆம் ஆண்டில் விசுவேசுவர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நில்லாமல், நாளிதழ் முதலியவற்றிலும் விளம்பரம் செய்து தகுதியுடைய அனைவரையும் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் வீட்டிற்குக் கார்டு வரும். அதற்குப் பின் விளம்பரத்தை நாம் தேடிப் படிக்க வேண்டும். நாளிதழ் வாராத தெருவிற்கு அச்செய்தி எவ்வாறு வரும்?

ஆசிரியர் பயிற்சி பெற்றோர்க்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. இடைநிலை ஆசிரியர் பதவிக்குப் பதிவு மூப்பை நம்பியிருந்தோர் பல்லாயிரவர். கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010 ஆம் ஆண்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது எழுதியவருள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பத்தாண்டுக்கு மேல் மூப்பு வைத்திருந்தோரின் அட்டை அன்று பயனற்ற தாளாயிற்று. 2014 பிப்ரவரியில் ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குத் தேர்ச்சி மதிப்பெண் 5 விழுக்காடு தளர்த்தப்பட்டது. 150 க்கு 82 பெற்றோர் தேறியோராயினர். அதற்குள் மனம் சோர்ந்து புத்தகத்தை மூடியவர் பலர். தளர்வு வந்த செய்தியை அறியாமலே இருந்தவரும் உண்டு.

இக்கால அளவில் புதிய உரிமைகளும் வந்தன. மகளிர்க்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு 1989 ஆம் ஆண்டில் வந்தது. அதனை 40 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நிரப்பப்படாமல் நின்ற பின்னடைவுப் பணியிடங்களைத் தனியாகக் கொண்டு நிரப்ப வழிசெய்யும் 81 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2000 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. அருந்ததியர்க்கு 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009 ஆம் ஆண்டில் சட்டமாயிற்று; உள்ஒதுக்கீடு செய்யும் அதிகாரத்தை 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. அருந்ததிய மக்கள் மிகுந்து வாழும் நம் சமவெளிக்கு இதன் பொருள் பெரிது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010 ஆம் ஆண்டில் வந்தது. உரிமைகள் கூடின, அவற்றை நோக்கி நடக்க வேண்டிய கால்கள் ஓய்ந்திருந்தன.

தளர்ச்சி சோம்பலன்று

வேலை தேடுவதை விட்டவனைச் சோம்பேறி என ஏசுவது எளிது. ஆஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரார் நம் பள்ளிபாளையம், குமாரபாளையத்தாரைப் போல நூற்பு நெசவுத் தொழிலை நம்பியவர். உலகப் பொருளாதார மந்தத்தில் அவ்வூர் ஆலை மூடப்பட்டது. யகோடா அம்மையார் முதலிய அறிஞர்கள் அங்கு ஆய்ந்து 1933 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். வேலையிழந்தோர்க்கு ஓய்வு நேரம் மிகுதியாயிற்று. ஆயினும் ஊர் நூலகத்தில் அவர்கள் எடுத்த புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தெருவில் நடக்கும் நடையின் வேகமும் தளர்ந்தது. வேலையின்மை நீளுந்தோறும் முயலும் ஆற்றலே தேய்கிறது என்பது அவ்வாய்வின் முடிபு. தேய்ந்ததை ஏசிப் பயனில்லை; ஊட்டி வளர்க்க வேண்டும்.

பல ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றிக் கண்டவற்றைத் தொகுத்துக் கூறின், தளர்ச்சி பெரும்பாலும் நான்கு இடங்களில் நேர்கிறது. முதல் தேர்வில் சில மதிப்பெண்களில் தவறியவன், முற்றிலும் தவறியதாகக் கருதி விலகுகிறான். சான்றிதழ் ஒன்றில் பெயரோ பிறந்த நாளோ மாறியிருப்பவன், அலுவலகங்களுக்கு அலையும் கூலி இழப்புக்கு அஞ்சி நிற்கிறான். தறிக்கு முன்பணம் வாங்கிய குடும்பத்தின் பிள்ளை, கடன் தீரும் வரை எங்கும் செல்ல இயலாது முடங்குகிறான். கங்காணி காலத்துத் துண்டுச் சீட்டு நம் நாளில் வேறு வடிவம் கொண்டிருக்கிறது. நான்காவது, திருமணமான பெண். கற்ற கல்வியெல்லாம் சமையலறையோடு முடிந்ததாக எண்ணுகிறாள். அவள் எழுதக்கூடிய தேர்வு ஆண்டுதோறும் வந்து போகிறது.

இந்நால்வர்க்கும் பொதுவானது தனிமை. "இன்னுமா வேலை கிடைக்கவில்லை?" என்னும் கேள்விக்கு அஞ்சி இவர்கள் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் செல்வதில்லை. கேட்பாரைத் தவிர்ப்பவர் சொல்வாரையும் இழக்கின்றனர். செய்தியும் அவர்களை வந்தடைவதில்லை.

மீண்டும் தொடங்கும் முறை

நின்றுபோன முயற்சியைத் தொடங்குவோர் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடம் எதுவென்று முதலில் காண வேண்டும்.

முதலாவது, தாள்களைச் சீர் செய்தல். வேலைவாய்ப்புப் பதிவு மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டுள்ளதா, பின்னர்ப் பெற்ற படிப்புகள் அதில் சேர்க்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பதிவை ஒரே வழியாகக் கருதுவது தவறு. அதனைக் கைவிடுவதும் தவறு. அரசின் வேலையற்றோர் உதவித்தொகைக்கும் ஐந்தாண்டுப் பதிவு வேண்டும். அருந்ததியர் சட்டம் ஏழு சாதிப் பெயர்களைக் குறிப்பிடுகிறது. தம் சாதிச் சான்று அவற்றுள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறதா என்பதைப் பெற்றோர் சரிபார்க்க வேண்டும். தமிழ்வழிச் சான்று 2020 ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் வகுப்பு முதற்கொண்டு வேண்டப்படுகிறது. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதனைப் பெற வேண்டும். தேர்வு அறிவிப்பு வந்தபின் ஓடினால் காலம் போதாது. விடுமுறை தொடங்குமுன் தலைமையாசிரியரை அணுகுதல் நலம்.

இரண்டாவது, இன்றைய வாசலை அறிதல். பத்தாம் வகுப்புத் தகுதிக்குரிய தொகுதி நான்கு தேர்வில் 2018 ஆம் ஆண்டு முதல் கிராம நிர்வாக அலுவலர் பதவியும் சேர்ந்துவிட்டது. ஒரே தேர்வு; 200 வினாக்கள்; 300 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வு இல்லை. 200 இல் 100 வினாக்கள் தமிழ்ப் பாடத்தைச் சார்ந்தவை. 2021 டிசம்பர் ஆணைப்படி அப்பகுதியில் நூற்றுக்கு நாற்பது பெறாதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது. அரசுப் பள்ளியில் தமிழில் பயின்ற நம் பிள்ளைக்கு இது தடையன்று, துணை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களே முதற்கருவி. அவை நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அட்டவணைச் சாதியினர்க்குத் தேர்வாணையத் தேர்வுக் கட்டணம் இல்லை. ஒருமுறைப் பதிவுக்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு. அடிப்படைத் தகுதிக்கு மேல் படித்தோர்க்குப் பல பதவிகளில் வயது உச்சவரம்பும் இல்லை. "வயது கடந்துவிட்டது" என்று முடிவு செய்யுமுன் அறிவிக்கையை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும்.

அரசுத் தேர்வொன்றையே நம்பியிருத்தலும் மற்றொரு காத்திருப்பாகிவிடும். 2007 நவம்பர் முதல் நாள் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி இரயில்வே கோட்டம் அமைந்தது. இரயில்வே, வங்கி, சீருடைப் பணிகளின் அறிவிப்புகளையும் கவனித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி பெற்றோர்க்கு 1961 ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், சேலத்தில் ஆலைகளும் உள்ளன. அண்ணல் தனிப்பாடம் நடத்திக்கொண்டே பேராசிரியர் பதவியைத் தேடியது போல, கையில் ஒரு தொழிலோடு இலக்கைத் தேடுவது இழுக்கன்று. தொழில் தொடங்குவோர்க்கு 1974 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாட்கோ உள்ளது.

மூன்றாவது, கூடிப் படித்தல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசப் பயிற்சி அளிக்கின்றன. சேலத்தில் அவ்வலுவலகம் கோரிமேட்டில் உள்ளது. கூலிக்குச் செல்வோர் நாள்தோறும் செல்ல இயலாதெனின், தெருவில் நான்கு பேர் சேர்ந்து மாலையில் இரண்டு மணி நேரம் படிக்கலாம். தனியே படிப்பவன் ஒரு நாள் விட்டால் மறுநாளும் விடுவான். நால்வராகப் படிக்கும் இடத்தில் ஒருவன் வாராவிடில் மற்றவர் கதவைத் தட்டுவர்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். பெரும் பொருட்செலவு வேண்டாத காரியம் அது. ஒரு பெரிய கணக்கு நோட்டு வாங்குவோம். ஊர்வாரியாக, பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் அதில் எழுதுவோம். எப்போது படிப்பை முடித்தார், எந்தத் தேர்வுகளை எழுதினார், எந்த ஆண்டோடு முயற்சி நின்றது, நின்றதற்குக் காரணம் சான்றிதழா, கடனா, திருமணமா, மனச்சோர்வா என்பதையும் எழுதுவோம். ஆறு மாதத்திற்கொருமுறை ஒவ்வொருவர் வீட்டிற்கும் சென்று வருவோம். வேலை கிடைத்ததா எனக் கேட்க வேண்டாம். அடுத்து வரும் தேர்வு இது, விண்ணப்பிக்க இன்ன நாள் கடைசி என்று சொல்லி வருவோம். வேலையிலிருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்நோட்டிலிருந்து ஒரு பெயரை ஏற்றுக்கொள்வாராக.

அரசின் பதிவேடு வயதையும் தகுதியையும் மூப்பையும் எழுதி வைத்தது. நின்றவரை நினைவில் வைக்க அதற்கு இடமில்லை. அவ்விடத்தைச் சமுதாயம் நிரப்ப வேண்டும். முன்னாளில் நம்மை அடிமை வேலைக்கு அழைக்கக் கங்காணி வாசலுக்கு வந்தான். உரிய வேலைக்கு அழைத்துச் செல்ல நம்மவர் நம் வாசலுக்கு வரும் காலம் இனியேனும் பிறக்கட்டும். சங்கம் நீடு வாழ்க. அதன் பொன்விழா மலரில் அந்நோட்டின் கணக்கும் இடம்பெறுக.